பூட்டிய ஷட்டருக்கு வெளியே நின்ற கார்

எங்கள் வேகன் ஆர் காரைப் பழுது பார்க்க விட்டிருந்த ஒர்க் ஷாப்புக்கு எதிரே, தெருவோரம் அது நின்றுகொண்டிருந்த ஓர் இரவில், ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), பேட்டரி, மியூசிக் சிஸ்டம், ஸ்டெப்னி ஆகிய நான்கும் திருடு போயின. 2023 டிசம்பர் 18ஆம் தேதி இரவுக்கும் மறுநாள் விடியலுக்கும் இடையில் நடந்தது அது. திருடியவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த நஷ்டம் யாரைச் சேர்ந்தது என்ற கேள்வியோடு மட்டும் நான் ஏறக்குறைய ஏழு வாரம் அலைந்தேன். அண்மையில் அலுவலகத்தில் ஒருவரும் எங்கள் தெருவில் ஒருவரும் இதே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். இருவருக்கும் வாய்வார்த்தையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்.

மிக்ஜாம் புயலின் மழை டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்தது என்பது சென்னையில் யாருக்கும் மறந்திருக்காது. வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் எங்கள் வீட்டுக்குக் கேப்டன் காட்டன் கால்வாய் அதிகத் தொலைவில்லை. கால்வாய் தாங்காத தண்ணீர் தெருவுக்குள் வந்து, காரின் இருக்கை உயரத்துக்கு ஏறி, இரண்டு நாள் அப்படியே நின்றது. 7ஆம் தேதிதான் ரெக்கவரி வண்டி கிடைத்தது. மூலக்கடையைத் தாண்டி, மாதவரம் போகும் பக்கத்தில் இருக்கும் ஒரு ஒர்க் ஷாப்புக்குக் காரைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். 2014இல் அந்தக் காரை வாங்கியதிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக அங்கேதான் விடுகிறோம். உரிமையாளரை நான் அண்ணா என்றுதான் அழைப்பேன். ஐம்பத்தைந்து வயதுக்காரர், கைசுத்தமானவர், ஒரு போல்ட் மாற்றினாலும் பழைய போல்ட்டைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார். அவருடைய ஷெட்டுக்குள் ஐந்து கார் நிற்கும். அந்த வாரத்தில் வந்து சேர்ந்தவை பதினேழு. வந்தவர்களில் ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை.

நான் ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது சீல் எண், பெட்டி எண்ணிக்கை, நசுங்கல், ஓட்டை என்று அத்தனையையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே சரக்கு நகரும். எழுதாமல் வாங்கிய சரக்கில் ஒன்று குறைந்தால் அது யார் கையில் குறைந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது என்பது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு நாங்கள் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. அப்படிப்பட்ட நான், என் சொந்தக் காரின் சாவியை அண்ணாவின் கடையில் வேலை செய்யும் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு, ஜாப் கார்டு என்று ஒரு துண்டுச்சீட்டுகூட வாங்காமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். வீட்டில் முழங்கால் அளவு சேறு கிடந்தது. கார் அப்போது எனக்குப் பெரிதாகப்படவில்லை.

நல்லவேளையாக, வெள்ளச் சேதத்துக்காக இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்திருந்தோம். 11ஆம் தேதி சர்வேயர் ஒர்க் ஷாப்புக்கே வந்து, பானெட்டைத் திறந்தும், டிக்கியைத் திறந்தும், டேஷ்போர்டை நெருக்கமாகவும் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். வேறு காரணத்துக்காக எடுக்கப்பட்ட அந்தப் படங்கள்தான், பேட்டரியும் ஸ்டெப்னியும் மற்றவையும் அந்தத் தேதியில் அந்தக் கடையில் இருந்தன என்பதற்குப் பின்னால் எனக்குக் கிடைத்த ஒரே ஆவணச் சான்றாக ஆயின.

19ஆம் தேதி காலை ஏழேகால் மணிக்கு அண்ணா போன் செய்தார். “ராத்திரி எவனோ வண்டில கை வச்சிட்டான்மா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க” என்றார். நான் போனபோது எங்கள் கார் கடைக்கு எதிர்ப்புறம், மின்கம்பத்தை ஒட்டி நின்றது. நனைந்த இருக்கைகள் கழற்றி வெளியே எடுக்கப்பட்டிருந்தன. உள்ளே காற்றோட்டம் வேண்டும் என்பதற்காக நான்கு கண்ணாடிகளும் இறக்கப்பட்டிருந்தன, கதவுகள் பூட்டப்படவில்லை. ஈ.சி.எம்.மை அவர்களே கழற்றி, காயவைத்து, சோதித்துப் பார்த்து முந்தைய நாள் மாலைதான் திரும்ப மாட்டியிருந்தார்கள். எங்கள் காருக்கு அடுத்து நின்ற இன்னொரு காரிலும் பேட்டரி இல்லை. ஷட்டருக்கு உள்ளே இருந்த ஐந்து கார்களில் ஒரு கீறலும் இல்லை.

அண்ணா உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனால் நஷ்டத்தை யார் ஏற்பது என்ற இடத்துக்குப் பேச்சு வந்ததும் அவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். முதலாவது, திருட்டு கடைக்குள் நடக்கவில்லை, தெருவில் நடந்தது, தெருவுக்கு அவர் எப்படிப் பொறுப்பாக முடியும் என்பது. இரண்டாவது, சுவரில் ‘வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன’ என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறது என்பது. மூன்றாவதாக, “நானா எடுத்தேன்? எடுத்தவன் வேற ஒருத்தன். அவன்கிட்டதானே கேக்கணும்?” என்றார். மூன்றையும் கேட்டுக்கொண்டு, அன்று ஒன்றும் பேசாமல் திரும்பினேன். கோபத்தில் பேசினால் ஒன்பது ஆண்டுப் பழக்கம் ஒரு நிமிடத்தில் போய்விடும் என்ற அச்சம் எனக்கு இருந்தது. சரியாகத் தெரியாத ஒன்றை உரிமையாகக் கேட்கவும் கூடாது என்று நினைத்தேன்.

பிறகு தேடிப் படித்ததில் எனக்குத் தெளிவானது இது. ஒரு பொருளை ஒரு நோக்கத்துக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்து, அந்த நோக்கம் முடிந்ததும் அதைத் திருப்பித் தரவேண்டும் என்ற உடன்பாடு இருந்தால், அதை இந்திய ஒப்பந்தச் சட்டம் தனி உறவாகவே பார்க்கிறது. 1872இல் வந்த அந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவு முதல் சில பிரிவுகள் முழுக்க இதற்காகவே இருக்கின்றன. தையற்காரரிடம் கொடுத்த துணியும், அடகுக்கடையில் வைத்த நகையும், மெக்கானிக்கிடம் விட்ட காரும் இதற்குள் அடங்கும். ஜாப் கார்டு இல்லாததால் ஒப்படைப்பே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. பொருளை வாங்கிக்கொள்பவரின் வசத்தில், அல்லது அவர் சார்பில் வாங்கிக்கொள்ள அனுமதி பெற்றவரின் வசத்தில் சேர்க்கும் எந்தச் செயலும் போதும் என்று 149ஆம் பிரிவு சொல்கிறது. கடைத் தம்பியின் கையில் நான் சாவி கொடுத்த கணத்திலேயே கார் அண்ணாவின் பொறுப்புக்குப் போய்விட்டது. அதன் பிறகு அதை ஷெட்டுக்குள் நிறுத்துவதா, தெருவில் நிறுத்துவதா என்பதை முடிவு செய்தவர் அவர்; என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஆகவே தெருவில் நடந்தது என்ற வாதம் அவரை விடுவிக்கவில்லை. யார் அதைத் தெருவில் நிறுத்தியது என்ற கேள்வியைத்தான் எழுப்பியது.

என் அப்பா பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வாங்கி, வெளுத்து, திருப்பிக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் அது. மற்றவருடைய பொருளைக் கையில் வாங்கி வேலை செய்து திருப்பித் தருவதையே தொழிலாகக் கொண்டவர்களின் பெயரால் அழைக்கப்படும் ஊர்ப்பகுதி இது என்பது, இந்தப் பிரிவுகளைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது 151ஆம் பிரிவு. ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதர் அதே சூழ்நிலையில், அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தம் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். அவ்வளவுதான் சட்டம் கேட்பது. இரவு முழுக்க விழித்திருக்கவோ, துப்பாக்கியோடு காவலாளியை நிறுத்தவோ அது சொல்லவில்லை. அந்தக் கவனத்தை எடுத்துக்கொண்டிருந்தால், வேறு சிறப்பு உடன்பாடு இல்லாத வரையில், பொருள் காணாமல் போனாலும் அவர் பொறுப்பல்ல என்று அடுத்த பிரிவே அவரைக் காப்பாற்றுகிறது. பூட்டை உடைத்து, ஷட்டரை வளைத்து உள்ளே புகுந்து எடுத்துப் போயிருந்தால் நான் அண்ணாவிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்டிருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். வெள்ளம் மறுபடியும் வந்து காரை இழுத்துக்கொண்டு போயிருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் அன்றிரவு அவருடைய சொந்தப் பொருட்கள் எங்கே இருந்தன? ஏர் கம்ப்ரஸர் உள்ளே இருந்தது. ஸ்கேனர் உள்ளே, அதுவும் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அவருடைய பைக் உள்ளே, செயின் போட்டு இருந்தது. ஷெட்டுக்குள் இடம் பெற்ற ஐந்து கார்களில் இரண்டு புது வண்டிகள், ஒன்று அவருடைய மைத்துனருடையது. இடம் குறைவாக இருக்கும்போது எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அப்படித் தேர்ந்தெடுத்ததில் குற்றமும் காணவில்லை. வெளியே விட்டவற்றுக்கு என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி. கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டியிருக்கலாம். மதிப்புள்ளதும், கையில் எடுத்துப்போகும் அளவே உள்ளதுமான ஈ.சி.எம்.மை, மறுநாளும் வயரிங் வேலை இருக்கிறது என்னும்போது, மாட்டாமல் உள்ளே வைத்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்து வைப்பது பத்து நிமிட வேலை. ஒன்றும் முடியாவிட்டால், “இடம் இல்லைம்மா, வண்டி ரோட்டுல நிக்குது” என்று எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். நான் டோ செய்து வீட்டு வாசலுக்கே கொண்டுபோயிருப்பேன். அவருடைய சொந்தக் கார் அப்படிக் கண்ணாடி இறக்கி, இருக்கை இல்லாமல், கதவு பூட்டாமல் இரவு முழுக்கத் தெருவில் நின்றிருக்குமா என்று நான் அவரிடம் பின்னால் ஒரு நாள் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் பொய் சொல்பவர் அல்ல.

சூழ்நிலை என்ற சொல்லையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வட சென்னை முழுவதும் சேற்றில் கிடந்த வாரம் அது. அவருடைய வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. ஆனால் அதே சூழ்நிலைதான் கூடுதல் கவனத்தையும் கேட்டது. நனைந்து செயலிழந்த கார்கள் தெருத்தெருவாக நின்ற அந்த நாட்களில், எல்லோருக்கும் ஈ.சி.எம்.மும் பேட்டரியும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன. புதியவற்றுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய பாகங்களுக்கு அவ்வளவு கிராக்கி இருக்கும் நேரத்தில் திருடனுக்கும் அது தெரியும் என்பது, பாகங்களிலேயே பிழைப்பை நடத்தும் ஒருவருக்குத் தோன்றாமல் இருக்க முடியாது.

சுவரில் இருந்த எழுத்துக்கு வருகிறேன். அது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பல கடைக்காரர்களும், அதைவிட வருத்தமாக, பல வாடிக்கையாளர்களும் நம்புகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 14ஆம் தேதி அளித்த ஒரு தீர்ப்பு இந்த நம்பிக்கையைப் பெருமளவு உடைத்துவிட்டது. தில்லியின் ஒரு பெரிய ஓட்டலுக்கு 1998 ஆகஸ்டில் வந்த ஒருவர், தம் மாருதி ஜென் காரை நிறுத்துவதற்காகச் சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. அவருக்குக் கொடுத்த சீட்டில் ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்ற வாசகம் அச்சிடப்பட்டிருந்தது. சாவி கைமாறியதும் கார் ஓட்டலின் பொறுப்புக்கு வந்துவிட்டது என்றும், தமது அல்லது தம் ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு அந்த வாசகத்தைக் காட்டி ஓட்டல் தப்பிக்க முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. அதைவிட முக்கியமானது, உரிய கவனம் எடுத்துக்கொண்டோம் என்பதை முதலில் விளக்க வேண்டியவர் பொருளை வாங்கி வைத்திருந்தவரே என்று சொன்னதுதான். பொருள் காணாமல் போன இரவில் அந்த இடத்தில் என்ன நடந்தது என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்; வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என்னைப் போன்றவரால் எதை நிரூபிக்க முடியும்? கொடுத்தேன், திரும்ப வரவில்லை என்பதைக் காட்டுவது என் வேலை. ஏன் திரும்ப வரவில்லை என்பதைச் சொல்வது அவருடைய வேலை.

அந்த வழக்கில் 1998இல் போன காருக்கு இறுதித் தீர்ப்பு வர இருபத்தொரு ஆண்டுகள் ஆயின. அதையும் நான் மனத்தில் வைத்துக்கொண்டேன்.

திருடியவனிடம்தானே கேட்க வேண்டும் என்ற மூன்றாவது வாதம் கேட்க நியாயமாகத் தோன்றும். திருடியவன் கிடைத்தால் அவனிடமும் கேட்கலாம்தான். ஆனால் திருட்டு என்பது ஒரு விஷயம். ஒப்படைத்த பொருளைக் காத்தாரா என்பது வேறு விஷயம். ஒன்று காவல் துறையின் பாதையில் போகும், மற்றது எனக்கும் அண்ணாவுக்கும் இடையில் நிற்கும். போலீசுக்குப் போக அவர் மிகவும் தயங்கினார். அடிக்கடி விசாரணைக்கு வரச் சொல்வார்கள், கடைப் பையன்களைச் சந்தேகப்படுவார்கள் என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையில் உண்மை இருந்தது. ஆனாலும் புகார் இல்லாமல் எந்த வழியும் திறக்காது என்பதால், பொருளுக்கு உரியவள் என்ற முறையில் டிசம்பர் 19 மாலையே நானே காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். காணாமல் போன ஒவ்வொன்றையும், பேட்டரியின் வாரன்டி அட்டையில் இருந்த எண்ணையும், காரின் சேசிஸ் எண்ணையும் குறிப்பிட்டேன். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கிடைத்தது, ஜனவரி 8ஆம் தேதி முதல் தகவல் அறிக்கை பதிவானது. அப்போது திருட்டுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பது அன்றும் சட்டம், இன்றும் சட்டம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அன்றே தெரிவித்தேன். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் திருட்டுக்கு எதுவும் கிடைக்காது. எங்களுடையது முழுக் காப்பீடு. வெள்ளச் சேதம் ஒரு கோரிக்கை, திருட்டு தனிக் கோரிக்கை என்றார்கள். பாகங்களின் மதிப்பில் தேய்மானம் கழிப்பார்கள்: டயர், பேட்டரி, பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி, மற்ற உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்து, ஐந்து முதல் பத்து ஆண்டு வரையிலான காருக்கு 40 சதவீதம். அதன் மேல் கட்டாயக் கழிவாக 1,000 ரூபாய். மியூசிக் சிஸ்டம் கம்பெனியில் பொருத்தியதல்ல, நாங்கள் வெளியே வாங்கிப் பொருத்தியது. பாலிசியில் அதைத் தனியாகக் காட்டிப் பிரீமியம் கட்டாததால் அதற்கு ஒன்றும் வராது.

அந்தத் தேய்மானக் கணக்கு எனக்கு எதிர்பாராத ஒரு விதத்தில் உதவியது. நான் முதலில் அண்ணாவிடம் நான்குக்கும் புது விலை கேட்கத்தான் நினைத்திருந்தேன். ஈ.சி.எம். 18,600, பேட்டரி 4,800, மியூசிக் சிஸ்டம் 6,500, ஸ்டெப்னியில் டயர் 3,100, ரிம் 1,900 என்று மொத்தம் 34,900 ரூபாய். ஆனால் ஒன்பது வயதுக் காரிலிருந்து போனவை ஒன்பது வயதுப் பாகங்கள். பேட்டரி மூன்று வயது. போனதன் மதிப்பைக் கேட்பது உரிமை, போனதைவிட நல்லதைக் கேட்பது உரிமையல்ல என்று என் கணவர் சொன்னார், அது சரியாகவே பட்டது. இன்சூரன்ஸ்காரர்களின் அதே அட்டவணையை எடுத்துக்கொண்டேன். ஈ.சி.எம்.முக்கு 11,160, பேட்டரிக்கு 2,400, டயருக்கு 1,550, ரிம்முக்கு 1,140. மியூசிக் சிஸ்டத்துக்குப் பாதியாக 3,250. கூட்டினால் 19,500 ரூபாய். எனக்கும் அவருக்கும் தொடர்பில்லாத ஒரு கணக்கு என்பதால் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. தொகையில் சண்டை இல்லாமல் போனதும் பொறுப்பைப் பற்றிப் பேசுவது எளிதாகிவிட்டது.

இடையில் ஜனவரி நடுவில், அவர் அசையாத ஒரு வாரத்தில், நான் ஒரு நோட்டீஸ் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன் என்று அதில் எழுதியிருந்தது வெறும் மிரட்டல் அல்ல. மனுவையும் தயாராகவே வைத்திருந்தேன். கட்டணம் கொடுத்துப் பெறும் பழுது பார்க்கும் வேலை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைதான். ஒப்படைத்த காரைக் காக்கத் தவறுவது அந்தச் சேவையில் குறைபாடு. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். எங்களுக்குச் சென்னை வடக்கு ஆணையம் இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை. நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

நோட்டீஸ் அவரைக் காயப்படுத்தியது. “கோர்ட்டுக்கு இழுக்குற அளவுக்கு நான் என்னம்மா பண்ணிட்டேன்” என்று கேட்டார். நான் அவரைத் திருடன் என்று எங்கேயும் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். கவனக்குறைவு என்ற சொல்லை அவர் நேர்மைக்குறைவு என்று கேட்டுக்கொண்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வகைத் தகராறுகளில் பாதி இங்கேதான் கெட்டுப்போகின்றன என்று நினைக்கிறேன்.

அவருக்கு ஆதரவாக இருந்த ஒன்றையும் சொல்லவேண்டும். பழுது பார்த்த கூலி தரப்படும் வரை காரைத் தம்மிடமே வைத்துக்கொள்ள அவருக்கு 170ஆம் பிரிவு உரிமை தருகிறது. பணத்தைக் கட்டாமல் காரை எடுத்துப்போக எனக்கு உரிமை இல்லை. ஆகையால் பில்லைக் கட்டமாட்டேன் என்று நான் ஒருமுறையும் சொல்லவில்லை, கழித்துக்கொள்ளலாம் என்றே சொன்னேன். எனக்கு ஆதரவாகவும் ஒன்று இருந்தது: காரை டிசம்பர் 15 வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய தவறால் சொன்ன நேரத்தில் பொருள் திரும்பி வராவிட்டால், அந்த நேரத்திலிருந்து நேரும் இழப்பு அவருடையது என்கிறது 161ஆம் பிரிவு. ஆனால் தாமதம் ஸ்டார்ட்டர் மோட்டார் வராததால் ஆனது. அந்த வாரத்தில் அதை அவருடைய தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை நான் நோட்டீஸில் எழுதவில்லை. இதையே திருப்பியும் பாருங்கள்: வேலை முடிந்தது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெக்கானிக் சொன்ன பிறகும் மாதக்கணக்கில் காரை அங்கேயே விட்டுவைப்பவர், அதே உறுதியோடு அவரிடம் கேட்க முடியாது.

காருக்குள் நாம் மறந்து வைக்கும் பொருட்களைப் பற்றியும் என் தெருக்காரர் கேட்டார். அவருடைய லேப்டாப் போயிருந்தது. ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் ஆகியவை ஒவ்வொரு காரிலும் இருக்கும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். இருக்கைக்கு அடியில் லேப்டாப் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரியாத பொருளை ஒருவர் பொறுப்பேற்றார் என்று சொல்வது கடினம். அதை அவரிடம் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசி முடித்தோம். வெள்ளப் பழுதில் எங்கள் பங்காக வந்த பில் 16,800 ரூபாய். அதில் ஈ.சி.எம்.முக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் சேர்த்து 14,410 ரூபாயை அவர் கழித்துக்கொண்டார். புது பேட்டரி அவர் வாங்கிப் போட்டார். அதில் பாதியான 2,400ஐ நான் கொடுத்தேன். ஆக என் கையிலிருந்து 4,790 ரூபாய் போனது. ஈ.சி.எம்.மை, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கினால் பாதி விலைக்கும் குறைவு என்றார். பில்லோடு கிடைத்தால் சரி, பில் இல்லாமல் வேண்டாம் என்றேன். புதுப்பேட்டையில் நேர்மையாக வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பெட்டியை வாங்கினால், எங்களைப் போலவே விடியற்காலையில் போன் வந்த இன்னொரு வீட்டின் பொருளை நான் வாங்குவதாக ஆகிவிடலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது தனிக் குற்றமும்கூட. பில் தருபவர் அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. டீலரிடம் புதிதாகவே 18,600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது என்பதால் இன்சூரன்ஸில் திருட்டுக்கான கோரிக்கையை எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஸ்டெப்னியை மட்டும் பொருளாகவே தருவதாக, நல்ல நிலையில் ஒன்று வந்ததும் போட்டுத் தருவதாக அண்ணா சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, எல்லாம் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான், ‘ஸ்டெப்னி நீங்கலாக மற்றவை தீர்ந்தன’ என்று எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கீழே தம் கையெழுத்தையும் போட்டார். ஏப்ரல் கடைசியில் ஸ்டெப்னி வந்தது, ஜி.எஸ்.டி. பில்லோடு. அதே தாளின் அடியில் தேதியைக் குறித்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, ஒரு நகலை அவரிடம் கொடுத்தேன்.